நாற்காலி பதினேழு

மிங்கோ கவுண்டி கண்காட்சி மைதானத்தில்
காளைகளுக்குப் பரிசு கொடுக்கும் கொட்டகை.
இந்த இரண்டு நாள் மட்டும் அது பல்லுக்கு.
விடிகாலை மூன்றரைக்கே வரிசை வளைந்து
பெட்ரோல் பங்க் வரை போயிருந்தது.
என் டோக்கன் இருநூற்றுப் பதினொன்று.
எஃபி ரூத் வண்டியில் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கினாள்,
வாய் திறந்தபடி.
அக்காவின் பல்லை எண்ணுகிறவன்
உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.
மேலே பதினான்கு. கீழேயும் அதே.

எனக்கு ஒன்பது.
அதில் ஆடாதது நான்கு.

படிவத்தோடு ஒரு மாணவி வந்தாள்.
சர்க்கரை?
பதினோரு வருஷம்.
புகை?
பதினாலு வயதிலிருந்து. நிறுத்திய தேதியா?
நிறுத்திய தேதிகள் நிறைய இருக்கின்றன, அம்மணி.
ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை?
காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.
கடைசியாகப் பல் டாக்டரைப் பார்த்தது?
சுரங்கத்தை மூடிய வருஷம்.
காப்பீட்டு அட்டையும் அதே வெள்ளிக்கிழமை செத்தது.
அம்மா?
அடக்கம் செய்யும்போது
பல் செட்டை மாட்டிவிடவா என்று கேட்டார்கள்.
ஆமாம் என்று சொன்னது எஃபி ரூத்.
அப்பா?
இருபத்து மூன்று வயதில்,
கல்யாணத்துக்கு முந்தின மாசம்,
ஒன்று விடாமல் பிடுங்கிக்கொண்டார்.
எப்படியும் போகப் போகிறது,
ஒரே செலவாகப் போகட்டும் என்று.

மாணவியின் பேனா நின்றது.
அந்தக் கட்டத்தில் அவ்வளவு இடமில்லை.

ஆராய்ச்சிக்கு எச்சில் தருவீர்களா என்றாள்.
குழாயில் ஒரு கோடு. அதுவரைக்கும்.
ஈறு கரைவதில் ஒரு பங்கு வம்சத்தில் வருகிறதாம்.
எவ்வளவு பங்கு என்றுதான் தேடுகிறார்களாம்.
கூடப் பிறந்தவர்களும் கொடுத்தால் ரொம்ப நல்லதாம்.

எஃபி ரூத் அரை நிமிஷத்தில் நிரப்பிக் கொடுத்தாள்.
என் வாயோ ஆகஸ்ட் மாசத்து ஓடை.
பாதியை மாத்திரை குடித்தது, மீதியைச் சர்க்கரை.
பத்து நிமிஷம் துப்பியும் நுரைதான்.
"புளிச்ச பீன்ஸை நினைச்சுக்கோ, வெர்லின்" என்றாள்.
ஜாடி, ஜாடிமேல் தட்டு, தட்டின்மேல் ஆற்றுக்கல்.
இரண்டு பேரும் கையை விட்டுத் திருடினோம்.
ஒரே கிணற்றுத் தண்ணீர்.
ஒரே சிவப்புச் சோடா, கைமாற்றிக் கைமாற்றி.
ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே பிரஷ்கூட.
சுரந்தது.
கோட்டைத் தொட்டது.

ரத்தம்தான் குற்றவாளி என்று
நாளைக்கு அந்தக் குழாய் சொல்லிவிட்டால்
இத்தனை வருஷமாய்
சிரிக்கும்போதெல்லாம் வாயை மூடிய கையை
நான் என்ன செய்வது?
இல்லை, சிகரெட்தான் என்று சொன்னால்
அதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு,
என் மனைவி போதும்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
இங்கே தானம் தர வந்தவர்
மாட்டுக் கொட்டகையில் என் பல்லைப் பிடித்துப் பார்த்தார்.
தூணில் போன வருஷத்து நீல ரிப்பன்.
வலிக்காது, அழுத்தம் மட்டும் தெரியும் என்றார் டாக்டர்.
அழுத்தம்கூட இல்லை.
மழை பெய்த மண்ணில் முள்ளங்கி வருகிற மாதிரி
வந்தன, ஐந்தும்.
"எலும்பு கையை விட்டு ரொம்ப நாளாச்சு" என்றார்.
யாரையும் திட்டாத குரல்.
அதற்குத்தான் கண் கலங்கியது,
ஊசிக்கு இல்லை.

திரும்புகிற வழியில் அக்காவைக் கூப்பிட்டேன்.
பஞ்சுக்கு நடுவே காற்று மட்டும் போனது:
எ... ஈ ரூ...
ஃ சொல்ல மேல்பல் உதட்டைத் தொட வேண்டும்.
த் சொல்ல நாக்கு பல்லில் போய் முட்ட வேண்டும்.
அவள் பெயர் இரண்டு இடத்தில் பல் கேட்கிறது.
ஐம்பத்தோரு வருஷம் கூப்பிட்டிருக்கிறேன்,
கவனித்ததில்லை.

அவள் ரேடியோவை அணைத்தாள்.
"என்னடா?" என்று கேட்டாள்,
ஒரு கை ஸ்டியரிங்கில்,
ஒரு கையால் தன் வாயை மூடிக்கொண்டு.

டோக்கனின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன்:
சூப் வாங்கணும்.